சுண்ணாம்பு சுட்ட இடம்

போடியிலிருந்து மலை மேட்டுக்கு ஏறும் கூலியாட்கள் ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால் உள்ள ஓரம் மொக்கம்மாளுடையது. அவள் செத்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. இன்னும் அவள் தங்கச்சி அன்னக்கொடி அந்த ஓரத்தில் உட்காருவதில்லை. அக்காள் மகள் சுகன்யாவை அங்கே உட்கார வைத்துவிட்டு, தான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

அக்காளும் தங்கச்சியும் ஏலக்காட்டுக்கு ஒன்றாகத்தான் ஏறினார்கள். மழை பிடித்துவிட்டால் செடித் தூரில் குனிந்து காய் எடுக்கும்போது அட்டை காலில் ஏறிவிடும். அதற்கென்றே பெண்கள் வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொள்வார்கள். அந்த எச்சில் பட்டால் அட்டை சுருண்டு விழும். குளிருக்கும் இதமாக இருக்கும், பசியும் அடங்கும். மொக்கம்மாள் நின்ற இடத்திலிருந்தே பக்கத்துச் செடி நிரையில் காய் எடுப்பவளின் காலில் இருக்கும் அட்டையைக் குறிபார்த்துத் துப்புவாள். ஒருதரம் அது கங்காணியின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. “அட்டைனு நெனச்சிட்டேண்ணே” என்று அவள் முகம் மாறாமல் சொல்ல, நிரை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அந்தச் சரிவில் எங்கேயோ கிடப்பதுபோல அன்னக்கொடிக்குத் தோன்றும்.

அக்காளின் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தபோது, சுண்ணாம்பு கூடிப்போய்ச் சுட்டுவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். காட்டில் யாருக்குத்தான் சுடாது? தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டு, மறுகன்னத்தில் அதக்கிக்கொண்டாள். திட்டு புண்ணாகி, சோற்றுக்கு வாய் திறக்க முடியாமல் போன பிறகே மதுரைக்குப் போனார்கள். அதற்குள் கழுத்துக்கும் பரவியிருந்தது.

ஒரே வெற்றிலைப் பையில் எடுத்துத் தின்றோம், அவளுக்கு மட்டும் ஏன் என்று அன்னக்கொடி டாக்டரம்மாவிடம் கேட்டாள். அந்தம்மா பொறுமையாகச் சொன்னது: புகையிலையின் நஞ்சைக் கழுவி வெளியேற்றுவதும், அது கெடுத்த இடத்தைச் சரிபண்ணுவதும் உடம்பு தானே செய்கிற வேலை. சிலருக்கு அந்தச் சக்தி பிறப்பிலேயே குறைச்சல். தாய் தகப்பன் வழியாக வருவது அது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருத்திக்கு வரும், ஒருத்திக்கு வராது. அப்படிப்பட்டவர்கள் புகையிலை போட்டால் புற்று வருவதற்கு வாய்ப்பு அதிகம், வந்தால் வெரசாகப் பரவவும் கூடும். அதற்காக மற்றவர்களுக்கு வராது என்று அர்த்தமில்லை.

ஊருக்குள் பேச்சு வேறாக இருந்தது. தங்கச்சி நல்லாத்தானே இருக்கிறாள், மொக்கம்மாளுக்கு நேரம் சரியில்லை என்றார்கள். சுகன்யாவும் அதையே பிடித்துக்கொண்டாள். அன்னக்கொடி எத்தனை சொல்லியும் புகையிலையை விடவில்லை.

ஒருநாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, குழம்பு வாயில் பட்டதும் சுகன்யா முகத்தைச் சுளித்தாள்.

“என்ன ஆத்தா?” என்றாள் அன்னக்கொடி.

“ஒண்ணுமில்ல சித்தி. சுண்ணாம்பு சுட்டிருச்சு.”

அன்னக்கொடி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

“எங்காத்தா தின்ன பையிலதான நீயும் தின்ன? ஒனக்கு என்ன வந்துச்சு?” என்றாள் சுகன்யா.

“அவ ஒடம்பு வேற, எ ஒடம்பு வேற. நீ அவ பெத்த பிள்ள. எந்த ஒடம்ப வாங்கிட்டு வந்தியோ, யாருக்குத் தெரியும்?”

சொல்லிவிட்டு, தன் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை உருவி வெளியே எறிந்தாள். என்னைக் காட்டித்தானே நீ திங்கிற, இனி காட்டுறதுக்கு ஆளில்லை என்றாள்.

சுகன்யா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

“நீயும் டாக்டரம்மாகிட்ட வந்து வாயக் காட்டுவியா?”

 இத்தனை வருசத்தில் தன் வாயை அன்னக்கொடி கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

“காட்டுறேன்” என்றாள்.

மறுநாள் இருவரும் மதுரைக்குப் போனார்கள். திட்டில் துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, அடுத்த வாரம் டாக்டரம்மா முடிவு சொன்னது: இன்னும் புற்றாக மாறவில்லை, புகையிலையை அடியோடு விட வேண்டும், தவறாமல் வந்து காட்ட வேண்டும். சுகன்யா தலையாட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அன்னக்கொடியின் வாயைப் பார்ப்பதையும் அன்றைக்குத்தான் வைத்திருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, ஆ காட்டச் சொன்னார்கள். காட்டில் தங்கச்சிக்கு முதல் வெற்றிலையை மடித்து ஊட்டியபோது அக்காளும் “ஆ காட்டுடி” என்றுதான் சொன்னாள்.

அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.