வால் நறுக்கிய கணக்கு

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் பொடியிலிருந்து பிறந்தது. அந்தப் பொடியை நான் பார்த்ததுகூட இல்லை, அக்கா சொல்லக் கேட்டதுதான். ஒரு வாரமாக எழுதுவதும் அடிப்பதுமாக எனக்கே சலித்துவிட்டது.

முதல் தொடக்கம்: "திரையில் எலக்ட்ரான் மேகங்கள் மெல்ல..." (மேகம் என்றதும் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். வேண்டாம்.)

இரண்டாவது: "அவள் ஒரு விஞ்ஞானி. அவளுக்கு..." (அவளுக்கு என்ன? விட்டுவிட்டேன்.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்னும் யாரும் செய்யாத பிளாஸ்டிக்கில் மின்சாரம் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அக்காவின் வேலை. கார்பன் சங்கிலி தட்டையாக இருந்தால் எலக்ட்ரான் தடையில்லாமல் ஓடும். முறுக்கிக்கொண்டால் அங்கங்கே நின்றுவிடும், நிறமும் கருநீலத்திலிருந்து மஞ்சளாக வெளுத்துவிடும். சங்கிலியின் பக்கவாட்டில் நீளநீளமாக வால்கள் உண்டு. அவை மின்சாரத்துக்காக அல்ல, பொருள் திரவத்தில் கரைவதற்காக. ஆகவே கணக்கில் வாலை நறுக்கிவிடுவார்கள். வாலோடு போட்டால் ஒரு வாரம், இல்லாமல் போட்டால் அரை நாள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அவளும் நறுக்கினாள். கருநீலப் பொருள் கிடைக்கும், மின்சாரம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்றது கணினி. அதை நம்பி ஆய்வகத்தில் ஒருவர் எட்டு மாதம் குடுவையும் கையுமாக நின்றார். (அக்கா அவரைக் குடுவைக்காரர் என்பாள்.) கடைசியில் வந்தது மஞ்சள் பொடி. மின்சாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என் கைதான் சரியில்ல மேடம்," என்றார் அவர். "புது ரசாயனம் வரட்டும். மறுபடி மொதல்லேருந்து செஞ்சு பாக்குறேன்."

அதற்குப் பிறகுதான் அவள் வாலோடு கணக்குப் போட்டாள். வால்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சங்கிலியையே முறுக்கிவிட்டன. விடை: மஞ்சள்.

3

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை.)

ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறாள், அவர் மன்னித்துவிடுகிறார். (எட்டு மாதத்தையா?)

இன்னொன்று: வாயைத் திறக்கவில்லை, வேலை தப்பிக்கிறது, அவர் மறுபடியும் குடுவையைக் கழுவி

எதுவும் படியவில்லை. ஏனென்று இன்று மதியம்தான் உறைத்தது. நானும் ஒரு வாலை நறுக்கியிருக்கிறேன்.

4

நறுக்கியது இதுதான். போன ஞாயிறு, துணி மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"தப்பு என்னோடதுடா. சொன்னா அடுத்த வருஷம் வேலைய நீட்டிக்க மாட்டாங்க. சொல்லலைன்னா அந்த மனுஷன் இன்னும் எட்டு மாசம் தன்னையே நொந்துக்கிட்டு நிப்பாரு. என்ன செய்யட்டும்?"

எழுதிக்கொண்டிருந்த நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "விடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"சரி," என்றாள். மடித்த சட்டையை என் பக்கம் வைத்தாள். அது என் சட்டை. பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த ஒரு வரியை எல்லா வரைவிலும் எடுத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். எடுத்ததும் கதை சுலபமாக ஓடியது, முடிவுதான் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5

நாளைக் காலை ரசாயனம் வந்துவிடும். அக்கா பக்கத்து அறையில் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது, நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவதாக ஒரு முடிவு எழுதலாம், ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள்

(வாக்கியம் கிடக்கட்டும். நான் எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வேண்டும். முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என்னை மட்டும் நறுக்கிவிடாதீர்கள்.)