வைக்கோலில் வந்தது

தாங்கியின் மூடியைத் திறந்தபோது நுரை விளிம்புவரை எழும்பி நின்றது. நதீராவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நாவிதன்வெளியில் மூடிக்கிடந்த அரிசி ஆலையொன்றை எடுத்து, அவளும் கணவன் ஸஹீதும் வைக்கோலிலிருந்து எரிபொருள் செய்யும் சிறு ஆலையாக்கியிருந்தார்கள். இரசாயனம் படித்தவள் என்பதால் தாங்கிகள் அவள் பொறுப்பு, கொடுக்கல் வாங்கல் அவன் பொறுப்பு. வெட்டிய வைக்கோலை அமிலம் கலந்த தண்ணீரில், நீராவியில் வேகவைத்து இளக்கவேண்டும். நொதியம் விட்டு அதன் நாரைச் சீனியாக உடைக்கவேண்டும். பிறகு ஈஸ்ட் போட்டால் எதனோல். மிஞ்சும் கறுப்புச் சக்கையில் பலகை ஒட்டும் பசை செய்யலாம். சின்ன டிரம்மில் எல்லாம் சரியாக வந்தது. பெரிய தாங்கியில் மட்டும் ஈஸ்ட் செத்துக்கொண்டேயிருந்தது. வேக்காடு கூடினால் வைக்கோலே ஒரு நஞ்சைக் கக்கும். அதோடுதான் மாதக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்று கொழும்பிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். இன்றைக்குப் பார்த்து நுரைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்றது வாய்.

பிறகுதான் மூக்குக்கு எட்டியது. வைக்கோல் வடிநீரில் ஒரு கசந்த பாதாம் வாசம் இருக்கும். உடுப்பில் பிடித்தால் கழுவினாலும் போகாது. இது இனித்தது. கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கருஞ்சிவப்பு. கரும்புப் பாணி, சீனி ஆலையின் கழிவு. அதை நொதிக்கவைக்க எந்தக் கெட்டித்தனமும் தேவையில்லை.

குவளையோடு வெளியே வந்தாள். கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஸஹீத் அதைப் பார்த்ததும் நிமிர்ந்தான். பாணியை ஊற்றியது யாரென்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

“இண்டைக்கு மட்டுந்தான் புள்ள. அவங்க போனாப் பிறகு நீ உன்ட வேலைய ஆறுதலாச் செய்.”

“என்னட்ட ஏன் செல்லல்ல?”

“செல்லியிருந்தா உன்னால அவங்களுக்கு முன்னால கதைக்க ஏலாது. தெரியாமக் கதைச்சா அது பொய் இல்லத்தானே.”

அவன் அதைக் கனிவாகவே சொன்னான், அவளுக்கு ஏதோ நன்மை செய்துவிட்டவன்போல. பாணியைவிட அதுதான் வலித்தது. அவளுடைய அறியாமையையும் ஒரு சாமானாகக் கணக்கில் எடுத்து, பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஊரில் கதை கிளம்பியபோது பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு முன்னால் இருந்து விளக்கம் சொன்னவள் அவள். அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்கவேண்டாம், ஒதுக்கிவையுங்கள் என்று வயற்காரர் வீடுகளுக்கு ஏறி இறங்கியவளும் அவள். அப்போதெல்லாம் ஸஹீத் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

வாகனங்கள் வந்தன. விருந்தினர் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னால் வயற்காரர்கள், அவர்களுக்குள் காலிதீன். தன் வைக்கோலை முதன்முதலில் எரிக்காமல் கொடுத்தவர். ஸஹீத் நுரையைக் காட்டினான், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நதீராவைப் பேசச் சொன்னான். மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சின் முதல் வசனம் நாக்கு நுனியில் இருந்தது.

“இதுக்குள்ள இரிக்கிறது வைக்கோல்ல வந்ததில்ல,” என்றாள். “கரும்புப் பாணி. எங்கட வைக்கோல் பெரிய தாங்கியில இன்னம் நொதிக்கல்ல.”

விருந்தினர்களில் ஒருவர் ஸஹீதைப் பார்த்தார். அவன் கண் அவளை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியமே கூட இருந்தது. துரோகம் செய்தது அவள்தான் என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் வாகனங்கள் புறப்பட்டுப் போய்விட்டன.

வயற்காரர்களில் காலிதீன் மட்டும் நின்றார். “அப்ப இவ்வளவு நாளா நீங்க செல்லினது?”

“நான் செல்லினது உண்மை காக்கா. சின்ன டிரம்மில வந்திரிக்கி.”

அவர் தாங்கியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். “இனி எத நம்புற தங்கச்சி?” என்றுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மோட்டார்சைக்கிளை உதைத்தார். உண்மையைச் சொன்ன பிறகும் தான் பொய்க்காரியாகிவிட்டது நதீராவுக்குப் புரிந்தது.

சாய்ந்தமருதில் அவர்கள் இருக்கும் வீடு அவளுடைய வீட்டார் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. பின்னேரம் பஸ்ஸில் வந்து, குளித்து, அஸர் தொழுதாள். கடல் காற்றில் முற்றத்து மணல் கதவடிவரை வந்திருந்தது, கூட்டித் தள்ளினாள். மஃரிப் பாங்கு சொல்லி இருட்டத் தொடங்கும்போது ஸஹீதின் வான் வந்து நின்றது. வழக்கமாக அவனே இறங்கித் தள்ளித் திறக்கும் கேற். இன்று இறங்கவில்லை. ஹோர்ன் அடிக்கவுமில்லை, அது அவளுடைய வீடு என்பது இன்றுதான் நினைவுக்கு வந்ததுபோல. அவள் விளக்குமாறோடு முற்றத்தின் நடுவில் நின்றாள். கேற்றுக்குக் கீழே இருந்த இடைவெளியால் வானின் முன்விளக்கு வெளிச்சம் உள்ளே நீண்டு, அவள் பாதங்களைத் தொடாமல் சற்றுத் தள்ளியே கிடந்தது.