சகாயத்தின் கை நடுக்கம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்கிழமை கோயில் வாசலில், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நின்று, இனி சரக்கைத் தொட்டால் தான் மனுசனே இல்லை என்று சகாயம் சத்தியம் செய்தான். அவன் வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி போத்தனூரில் அவர்கள் வீதி முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டது. கேட்டுப் பூரிக்காதவள் அவன் பெண்டாட்டி டெய்சி ஒருத்திதான்.

முந்தைய தவக்காலங்களில் சகாயம் கறியை விட்டிருக்கிறான், மீனை விட்டிருக்கிறான், முட்டையைக்கூட விட்டிருக்கிறான். பாட்டிலை மட்டும் விட்டதில்லை. அது சைவம்தானே என்று விளக்கம் வேறு. அவன் வாந்தியைக் கழுவிக் கழுவி, பினாயில் வாசம் பட்டாலே டெய்சிக்குக் குமட்டும். தலையணையில் ஏறியிருந்த புளித்த நாற்றம் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. ஒரு தடவை அரிசி டப்பாவுக்குள் கையை விட்டபோது பாட்டில் தட்டுப்பட்டது. அதிலிருந்து தன் வீட்டுச் சோறே அவளுக்குத் தொண்டையில் இறங்க யோசிக்கும்.

வியாழக்கிழமையே அவனுக்கு வியர்வை ஊற்றத் தொடங்கியது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. டம்ளரைப் பிடித்தால் காபி பாதி தரைக்குத்தான். தூக்கம் அறவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் எறும்பு ஏறுகிறது என்று சட்டையைக் கழற்றி உதறினான், உதறிக்கொண்டே இருந்தான். எறும்பு ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டு மயிலாத்தாள் காம்பவுண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அந்தச் சுவர் கட்டியதே அவள் எட்டிப் பார்க்கத்தான் என்பார்கள்.

"ஏனுங்க டெய்சி, உங்கூட்டுக்காரரு காலைல இருந்து சட்டையவே ஒதறிட்டிருக்கறாரு?"

"குடிய உட்டுட்டாருங்க்கா."

"அட சாமி! டாக்டரைப் பாக்காம ஒரேயடியா உட்டுப்போட்டாரா? என்ற அண்ணன் கிணத்துக்கடவுல பழனிக்கு மாலை போட்டுட்டு இப்பிடித்தான் கண்ணு பட்டுனு நிறுத்துனான். கையி ஒதறுச்சு. முருகன் சோதிக்கறாருன்னு விபூதி பூசிட்டு உக்காந்திருந்தோம். வலிப்பு வந்து போயிட்டான். குடிச்சுட்டிருந்த வரைக்கும் உசுரோட இருந்தான் அம்மணி. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

டெய்சி செருப்பை மாட்டும்போதே வாசலில் கூட்டம் வந்துவிட்டது. அந்தக் கோயில் பங்கில் வீதிக்கு ஒரு அன்பியம் உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். ஜெபம் முடிந்ததும் அடுத்த வீட்டுக் கதை. இந்த வாரம் சகாயம் மனம் திரும்பிய சாட்சியைக் கேட்பதற்காகவே முறையை மாற்றி இங்கே வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் தலைவி பிலோமினா. ஒரு கையில் பைபிள், மறு கையில் கேமரா ஓடிக்கொண்டிருந்த ஃபோன்.

"செருப்பைக் கழட்டும்மா டெய்சி, எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குங்க்கா. இவருக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு."

"ஒடம்பா? கையப் பாரு! ஆவியானவர் எறங்கியிருக்காரு. இயேசுவுக்கே புகழ்!"

எல்லோரும் நடுங்கும் அந்தக் கைகளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சகாயத்தைச் சொந்த நாற்காலியில் சிறகில்லாத சம்மணசு மாதிரி உட்கார வைத்தார்கள். அவன் பிலோமினாவின் புடவையிலிருந்து எறும்பு பொறுக்க முயன்றான். பாவத்தைப் பொறுக்கி எறிகிறான் என்று ஒருத்தி விளக்கினாள்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு என்ன சொல்லும்? குடிச்சுட்டு உழுந்துட்டான்னு சொல்லும். வீடியோ குரூப்புக்கு வேற போயிருச்சு," என்றாள் பிலோமினா.

டெய்சி கதவோரம் நின்றாள். இப்படியே இவன் போய்விட்டால்? மனம் திரும்பிய சகாயம் என்று மாலை விழும், சாமியார் பிரசங்கம் வைப்பார், குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரும் குழிக்குள்ளேயே போகும். ஒரு கணம் அந்தக் காட்சி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அடுத்த கணம் தன் மேலேயே அவளுக்கு ஓர் அருவருப்பு வந்தது. எந்த வாந்தியும் அப்படிக் குமட்டியதில்லை.

சகாயம் நாற்காலியோடு சாய்ந்தான். கண் மேலே செருகியது, பல் கிட்டியது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை, லுங்கியில் ஈரம்.

"பிசாசு கீழ தள்ளுது, சத்தமாப் பாடுங்க!" என்று பிலோமினா கத்தினாள். பாடினார்கள், கையும் தட்டினார்கள்.

"வாய மூடுங்க எல்லாரும்!" டெய்சியின் குரல் பாட்டுக்கு மேலே போனது. "அக்கா, அந்த ஃபோனைக் கீழ வைக்கறீங்களா, நான் புடுங்கி எறியட்டுமா?" நாற்காலியைத் தூர உதைத்துவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நுரை அவள் முந்தானையில் வழிந்தது. சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த மயிலாத்தாள் அதற்குள் வீதி முனையில் நிற்கும் ஷாஹுலின் ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பிலோமினாவும் ஏறிக்கொண்டாள். நடப்பதைப் பார்க்காமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"குடிப்பாருங்களா?" என்று கேட்டாள் டாக்டர் மானசா.

"எப்பவாவது கொஞ்சமா, விசேசத்துக்கு. அதையும் உட்டுட்டாரு," என்று பிலோமினா முந்தினாள்.

"பொய்யிங்க டாக்டர்." வார்டே திரும்பிப் பார்த்தது, டெய்சி குரலைத் தணிக்கவில்லை. "பல்லு வெளக்கறதுக்கு முந்தியே ஆரம்பிச்சுருவாருங்க. கண்ணாலம் ஆனதுல இருந்து இதேதான். புதன்கெழமையோட ஒரே போடா நிறுத்திப்போட்டாரு."

டாக்டர் ஊசி போட நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு இருவரையும் பார்த்தாள். "வருசக்கணக்கா சாராயத்துலயே ஓடுன ஒடம்பு இது. திடீர்னு நிறுத்துனா மூளை தறிகெட்டு ஓடும். நடுக்கம், இல்லாதது தெரியறது, வலிப்பு, உசுரே போகலாம். மருந்து குடுத்து மெதுவாத்தான் எறக்கணும். இன்னும் தாமதமா வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பிலோமினா முகத்தைத் திருப்பி ஃபோனில் எதையோ அழிக்கத் தொடங்கினாள்.

"இதோட சரியாயிருமுங்களா?" என்றாள் டெய்சி.

"இது உசுரைக் காப்பாத்தறது மட்டுந்தாம்மா. குடி விடறது இதுக்கப்புறம். மறுவாழ்வு வார்டு, மாத்திரை, கவுன்சலிங், எல்லாம் இருக்கு. நடுவுல வழுக்கலாம், மறுபடி வரணும். நீங்களும் கூட வரணும்."

விடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு சகாயம் கண் திறந்தான். கையைக் கட்டிலோடு கட்டியிருந்த துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"உட்டுட்டேன் பாத்தியா, டெய்சி."

"நீங்க எங்கீங்க உட்டீங்க? செத்துப் பொழைச்சிருக்கறீங்க. உடறது இனிமேத்தான்."

"பக்கத்துல வந்து உக்காரேன்."

அவன் மேல் இன்னும் அந்தப் புளித்த வாடை அடித்தது. டெய்சி ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இங்கயே இருக்கறனுங்க. உங்க பக்கத்துல உக்கார இப்போதைக்கு என்னால ஆகாது," என்றாள்.

கவுன்சலிங்குக்கு யார் வருகிறார்கள் என்று நர்ஸ் வந்து கேட்டபோது, அங்கிருந்தே கையைத் தூக்கினாள்.