ஒற்றைக்கொம்பியின் குதிரை

எனக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது "என்ன?" என்பதுதான். மாட்டுக்கும் அதே, மனிசருக்கும் அதே. நித்திரையிலும் நான் அதைத்தான் கேட்கிறேனாம், வல்லிபுரம் சொல்கிறார். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவர், பொய் சொல்லமாட்டார். அந்த ஒரு சொல் என்னைப் போன வெள்ளிக்கிழமை நடு றோட்டில் வைத்து இப்படிக் குழப்பும் என்று யார் கண்டது?

எங்களுக்குச் சித்தாண்டியில் எருமைப் பட்டி இருக்கிறது. நாற்பத்திரண்டு உருப்படி. போன புரட்டாசியில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்குத் தயிர்ச் சட்டிகளை இறக்கிவிட்டு வரும்போது, குப்பை மேட்டில் ஒரு குதிரை பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. பின்னங்கால் வீங்கிப் பூசணிக்காய் அளவில் இருந்தது. முதுகில் சேணம் தேய்த்த புண்ணில் இலையான் மொய்த்தது. நெற்றியில் மட்டும் யாரோ கட்டிவிட்ட சிவப்புக் குஞ்சம். கடற்கரைக்கு வருகிற சனத்தை ஏற்றி இறக்கி உழைத்த குதிரை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. சீசன் முடிந்ததும் அவிழ்த்து விட்டிருக்கிறான், அறுந்துபோவான்!

மணல் லொறிக்காரன் ஒருவனைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அதை ஏற்றி வந்தேன். குஞ்சத்தைப் பார்த்துவிட்டு வல்லிபுரம், "என்ன புள்ள, மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு வாறாய்?" என்றார். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் புண்ணை ஆற்றினேன். வயல் வட்டையில் நெல் விதைத்துவிட்டால் மாடுகள் அங்கே நிற்க முடியாதே, பட்டியைக் காட்டுப் பக்கம் கொண்டுபோனோம். மாப்பிள்ளையும் நொண்டி நொண்டிக் கூடவே வந்தான். ஆட்களை அண்டமாட்டான். பட்டியிலேயே மூத்த எருமை ஒற்றைக்கொம்பியோடு மட்டும் ஒட்டிக்கொண்டான். ஏன் அவளைப் பிடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் மொய்க்கும் ஈயைத் தன் வாலால் விசுக்கிக்கொண்டே நிற்பான். அவள் வாவியில் இறங்கிக் கிடந்தால், இவன் கரையோரம் முழங்கால் தண்ணீரில் காவல் நிற்பான்.

மனிசரில் நான் கூப்பிட்டால் மட்டும் வருவான். கூப்பிடக்கூட வேண்டாம், ஏசினாலே போதும். "என்ன? என்ன அங்க பாக்கிறாய்?" என்று நான் கத்தினால் எங்கே நின்றாலும் ஓடி வந்து மூக்கால் என் தோளை இடிப்பான். வல்லிபுரம் தொண்டை கிழிய "வா, வா" என்றாலும் கல்லு மாதிரி நிற்பான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. குதிரைக்கு என் மேல் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அறுவடை முடிந்து பங்குனியில் பட்டி றோட்டோர வாவிக் கரைக்குத் திரும்பி வந்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஒரு லொறி வந்து நின்றது. ஓட்டமாவடி நளீர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஒருவர் இறங்கினார்.

"அக்கா, எண்ட குதிர உங்கட பட்டியில நிக்கிதாம் எண்டு கேள்விப்பட்டன்."

"குப்பையில கிடக்கக்குள்ள அது ஆர்ட குதிர?" என்றேன்.

மனிசன் தலையைக் குனிந்தார். "கால் வீங்கிட்டுது. மருந்துக்கு வழியில்ல. அவிட்டு விட்டா எங்கயாவது புல்லுத் திண்டு பிழைச்சிரும் எண்டு நினைச்சன். பிழைதான் அக்கா. சீசன் துவங்கிட்டு, எனக்கு வேற தொழிலும் இல்ல."

பிழை என்று ஒத்துக்கொள்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஆனாலும் விட மனமில்லை. "அது இப்ப என்ட குதிர. என்னைக் கண்டா எப்பிடி வருகுது எண்டு பாருங்க," என்று சொல்லிவிட்டு வாவிப் பக்கம் திரும்பி, "என்ன! என்ன அங்க நிக்கிறாய்?" என்று கத்தினேன். மாப்பிள்ளை ஓடி வந்து தோளை இடித்தான். எப்படி என்பதுபோல நளீரைப் பார்த்தேன்.

நளீர் சிரித்துவிட்டார். "அக்கா, இது நுவரெலியாவில ஒரு சிங்கள ஆளிட்ட வாங்கின குதிர. இதுக்குச் சிங்களம் மட்டும்தான் விளங்கும். சிங்களத்தில 'என்ன' எண்டா 'வாங்க' எண்டுதானே!"

பிறகு அவரும் மெல்ல, "என்ன, என்ன," என்றார். மாப்பிள்ளை என்னை விட்டுப் போய், அவர் தோளையும் அதே மாதிரி மூக்கால் இடித்தான்.

அந்தச் சிங்களச் சொல் என் காதில் ஆயிரம் தடவை விழுந்ததுதான். பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், கடையில் கேட்டிருக்கிறேன். அதையும் இதையும் முடிச்சுப் போட இந்த மண்டைக்குத் தோன்றவில்லையே! ஐந்தாறு மாதமாக நான் ஏசினேன், அது வேலைக்கு வந்தது. அவ்வளவுதானா? இல்லை, கொஞ்சமாவது ஆசை இருந்ததா? யாரிடம் கேட்பது? பக்கத்தில் நின்ற வல்லிபுரத்துக்கு வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்ததும் அந்த ஆளைத் தூக்கி வாவியில் போடலாம் போல இருந்தது.

குதிரை என்னுடையது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது என்னிடம் வருகிறது என்பதுதான். இப்போது அவரிடமும் போகிறது. இதற்கு மேல் எந்த வாயால் வழக்காடுவது? "கொண்டு போங்க," என்றேன்.

நளீர் அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு, லொறியின் பின்பக்கம் பலகையைச் சாய்த்தார். மாப்பிள்ளை முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்துவிட்டான். அப்போதுதான் வாவிக்குள் கிடந்த ஒற்றைக்கொம்பி எழும்பினாள். சேறு வழியக் கரையேறி நேரே றோட்டுக்கு வந்தாள். அவள் பின்னால் பட்டி முழுக்க வந்தது. லொறியைச் சுற்றி நாற்பத்திரண்டு எருமை! இரண்டு பக்கமும் பஸ் நின்று ஹோர்ன் அடிக்கிறது, ஒன்றாவது அசையவில்லை. ஒற்றைக்கொம்பி கழுத்தை நீட்டி ஒரு தரம் கத்தினாள்.

மாப்பிள்ளை பலகையில் அப்படியே நின்றான்.

"என்ன," என்றார் நளீர். அசையவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தரம் சொன்னார். மாப்பிள்ளை பின்னுக்கு வந்து பலகையை விட்டு இறங்கி, எருமைகளுக்குள் நுழைந்து, ஒற்றைக்கொம்பியின் முதுகில் கழுத்தைப் போட்டுக்கொண்டான். அவன் உடம்பு நடுங்கியது.

நளீருக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, நீங்க ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்க."

கூப்பிட்டால் வருவான், வந்தால் லொறியில் ஏறிப் போய்விடுவான். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கு வராதது எனக்காவது வரட்டும் என்று அந்த நேரத்தில் ஆசைப்பட்டேன். வெட்கம்கெட்ட மனம். நல்லாக் குரலெடுத்து, "என்ன!" என்றேன்.

மாப்பிள்ளை காதை மட்டும் என் பக்கம் திருப்பினான். வரவில்லை.

நளீர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் தந்தார். "சொல்லுக் கேளாத குதிரையில சின்னப் புள்ளையள ஏத்த ஏலா அக்கா. நாளைக்குக் கடற்கரையில ஒரு மாட்டக் கண்டுட்டு ஓடினா ஆர் பதில் சொல்றது? நீங்களே வெச்சிக்கங்க." வெறும் லொறியோடு அவர் போனார். பட்டி றோட்டை விட்டு இறங்கியது. அதன் நடுவில் மாப்பிள்ளையும் போனான்.

நான் அந்த இடத்திலேயே குந்தி அழுதேன். வல்லிபுரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விசரா உனக்கு? குதிர உனக்குத்தானே மிஞ்சிச்சு. பிறகென்னத்துக்கு அழுறாய்?"

"எனக்கு மிஞ்சல்ல," என்றேன். "அவளுக்குத்தான்."

சந்தோஷமா துக்கமா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் விடிய ஒற்றைக்கொம்பியில் பால் கறக்கும்போது என் கை கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. அவள் ஒரு உதை விட்டாள். வாங்கிக்கொண்டேன்.