ஸ்ரீகண்டன் ஜீப்புக்கு ஓர் ஆக்சில்

ஆரியசாலைக் கடைத்தெருவில், மிளகாய் மண்டிகளுக்கு நடுவே உதிரிபாகக் கடைக்காரர் வன்னியபெருமாள் ஓடிக்கொண்டிருந்தார். தோளில் சாக்குத் துணி சுற்றிய ஜீப் ஆக்சில். முன்னால், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்ரீகண்டன் ஓடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆகையால் அதை ஓட்டம் என்பதைவிட அவசரமான மூச்சிரைப்பு என்றே சொல்லலாம்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வழியை மறித்துக் கேட்டார். "அண்ணாச்சி, முன்னால போறது கள்ளனா?"

"இல்லப்பா, கஸ்டமரு. வழிய விடு."

பழவங்காடிப் பிள்ளையார் மட்டும் இல்லையென்றால் அன்று ஸ்ரீகண்டன் தப்பியிருப்பார். மலைக்கு வண்டி ஏறுகிறவன் எவ்வளவு தலைபோகிற அவசரத்திலும் அங்கே ஒரு தேங்காய் உடைக்காமல் ஏறமாட்டான். ஸ்ரீகண்டனும் நின்றார், தேங்காய் வாங்கினார், உடைத்தார், இரண்டு தோப்புக்கரணமும் போட்டார். மூன்றாவதற்குக் குனிந்தபோது பின்னால் ஆக்சில் வருவது தெரிந்தது. நிமிர்ந்தவர் ஒரே தாவலில் நெடுமங்காடு பஸ்ஸுக்குள் போய்விட்டார்.

வன்னியபெருமாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "ஓய், கம்பெனிக்காரரு வந்து கடையில உக்காந்திருக்காரு. வெத்தல வாங்கிட்டு வாறேன்னு பொறவாசல் வழியா இப்படி ஓடலாமா?"

"நாளைக்கு வராம் அண்ணாச்சி. வண்டி ஜாக்கியில நிக்குதல்லே? அத எங்ஙனெ கொண்டு வரும்?"

"அதுக்குத்தான் ஆக்சிலு. இந்தா, பிடியும்."

ஸ்ரீகண்டன் அதை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் சுளித்தது. "சத்தம் போரா, போதாது. இது நாட்டுச் சரக்கு. எனக்கு இம்போர்ட்டட் மட்டும் மதி அண்ணாச்சி, வேற வேண்டாம்."

பஸ் நகர்ந்தது. அவர் கும்பிட்டபடியே போனார்.

கோயமுத்தூர்க் கம்பெனியின் ஆள் நாகேஸ்வரன் தோல்பையும் கையுமாக அப்போதுதான் வந்து சேர்ந்தார். "ஏனுங்க, அவருதானுங்களா நீங்க சொன்ன ஜீப்புக்காரரு?"

"அவரேதான்" என்றார் வன்னியபெருமாள்.

விஷயம் இதுதான். எழுபத்தெட்டாம் வருஷம். வெளிநாட்டு உதிரிபாகம் வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் டில்லியில் ஆள் வேண்டும். வன்னியபெருமாளுக்குப் பக்கத்துத் தம்பானூரைத் தாண்டி ஆள் கிடையாது. அதனால் துணிந்து, கோயமுத்தூரில் செய்த ஜீப் ஆக்சில்களை இறக்கி அலமாரி நிறைய அடுக்கினார். எதிர்க்கடைப் பிச்சைக்கனி, பழைய அமெரிக்கச் சாமான்களை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறவர், தினமும் கேட்பார்: "அண்ணாச்சி, இந்தக் கம்பிய வெச்சு என்ன செய்யப் போறீங்க? கொடி கட்டித் துணி காயப்போடவா?"

அந்தக் கேலியில் நியாயம் இருந்தது. அதுவரை விற்றது ஒன்றே ஒன்று. யாரோ ஒரு பெண்பிள்ளை வந்தாள். தட்டவில்லை, மோந்து பார்க்கவில்லை. ஒரு ஆக்சில் வாங்கி, முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, விறகு தூக்குகிறவள்போலத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எந்த வண்டிக்கு என்று கேட்கக்கூட வன்னியபெருமாளுக்குத் தோன்றவில்லை.

இப்போது கம்பெனி, ஜில்லா முழுவதற்குமான ஏஜென்சியை ஒரே கடைக்குக் கொடுக்க முடிவு செய்திருந்தது. நிபந்தனை ஒன்று. ஊரறிந்த மலை வண்டி ஒன்றில் தங்கள் ஆக்சில் ஓடுவதை நாகேஸ்வரன் கண்ணால் பார்க்க வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் பார்க்கவில்லையென்றால் ஏஜென்சி பிச்சைக்கனிக்கு. பிச்சைக்கனி அதற்குள் கடை வாசலில் மாவிலை கட்டிவிட்டார்.

ஊரறிந்த மலை வண்டி என்றால் ஸ்ரீகண்டன் ஜீப்தான். இந்த நாட்டில் ஜீப் செய்யத் தொடங்குவதற்கு முன்பே கப்பலில் வந்து இறங்கியது. சாம்பல் நிறம், பானெட்டின்மேல் பித்தளையில் ஒரு யானைத் தலை. மழையில் பஸ் நின்றுபோன நாளில் ஒரு கல்யாண மாப்பிள்ளையையும் இரண்டு தவில்காரர்களையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று இன்னும் சொல்கிறார்கள். அவர் ஹாரன் மாற்றினால் நெடுமங்காடு முழுக்க ஹாரன் மாற்றும்.

அப்பேர்ப்பட்ட ஸ்ரீகண்டன் ஒரு வருஷத்துக்கும் மேலாக வாரம் தவறாமல் கடைக்கு வந்தார். பஸ்ஸில்தான் வருவார், வண்டிதான் ஜாக்கியில் நிற்கிறதே. ஃபேனுக்குக் கீழே நாற்காலி, டீ, பருப்பு வடை. பிறகு ஆக்சிலைத் தட்டுவார், தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். "இது அமெரிக்கன் இரும்போட மணமில்லா" என்று சொல்லிவிட்டுக் கைதுடைத்துக்கொண்டு போவார்.

"அவரு வராட்டிப் போறாரு" என்றார் வன்னியபெருமாள், ஆக்சிலை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு. "நாம போவோம் சார். நானே வண்டிக்கடியில படுத்து மாட்டிக் காட்டுதேன்."

அடுத்த பஸ்ஸில் நெடுமங்காடு போனார்கள். அதற்கு மேல் ஸ்ரீகண்டனின் மிளகுத் தோட்டத்துக்கு வாடகை ஜீப்தான் கதி. முக்கில் நின்ற ஜீப்காரர்களில் இருவர், போன வாரம் பெய்த மழையில் பாதை அரித்துக் கிடக்கிறது என்று தலையாட்டிவிட்டார்கள். பச்சை ஜீப்பின் சொந்தக்காரர் தாணு மட்டும் முன்வந்தார். பானெட்டில் இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு செம்பருத்தி.

"எங்க போணும் அண்ணாச்சி?"

"ஸ்ரீகண்டன் முதலாளி வீட்டுக்கு."

தாணுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அங்கயா? அவரு வீட்ல இருக்கமாட்டாரே. பேசாம பொன்முடிக்குப் போய்ட்டு வருவமா? மலையெல்லாம் மூடி நல்ல மஞ்சு இறங்கியிருக்கு. சாருக்குக் காட்டலாம்."

வன்னியபெருமாளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவனுக்கு எதற்கு இந்தத் தயக்கம்? யார் தூண்டுதல்? வேறு யார், பிச்சைக்கனி. கடை வாசலில் மாவிலை சும்மா ஏறவில்லை. வழி நெடுக ஆள் வைத்திருக்கிறான். அவர் ஆக்சிலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, வேண்டுமானால் ஆயுதமாகவும் உதவும் என்ற தோரணையில் தாணுவைப் பார்த்தார்.

"நேரா அவரு வீட்டுக்கு விடும்வே. வழியில எங்கயும் நிறுத்தப்படாது."

ஜீப் ஏறியது. பாதை என்று அங்கே இருந்தது, உருண்டு கிடந்த பாறைகளுக்கு ஒரு மரியாதைப் பெயர். ஒரு ஓடையில் தண்ணீர் படி வரைக்கும் வந்தது. நாகேஸ்வரன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மருதமலை முருகனைக் கூப்பிட்டார். வண்டி உறுமியது, ஒரு பக்கம் சாய்ந்தது, மறுகரையில் சொட்டச் சொட்ட ஏறி நின்றது.

"பரவால்லீங்களே" என்றார் நாகேஸ்வரன்.

"இதெல்லாம் ஒரு வண்டியா சார்" என்றார் வன்னியபெருமாள். "ஸ்ரீகண்டன் ஜீப்புல வந்திருந்தா நனைஞ்சதே தெரிஞ்சிருக்காது. பட்டுல போறமாதிரி போவும். இது என்னவே, மாட்டுவண்டிக்கு இஞ்சின் வெச்சாப்புல?"

"அப்படியா அண்ணாச்சி" என்றார் தாணு. அவருக்கு ஏனோ இருமல் வந்தது.

செங்குத்தான வளைவு ஒன்றில் முன்னால் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே, வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு ஸ்ரீகண்டன் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

தாணு நிறுத்தாமல் போகப் பார்த்தார். வன்னியபெருமாள் ஆக்சிலைத் தூக்கினார். தாணு நிறுத்தினார்.

"முதலாளி, ஏறும். ஒம்ம வீட்டுக்குத்தான் போறோம்."

ஸ்ரீகண்டன் ஜீப்பைப் பார்த்தார், தாணுவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். ஓட இடமில்லை. மெதுவாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெரிய குழி வருவதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டார். கடைசி ஏற்றத்தில் வண்டி திணறியபோது அவர் கை தானாக நீண்டு டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தது. வண்டி ஏறிவிட்டது.

நாகேஸ்வரன் அதைக் கவனித்தார். வன்னியபெருமாள் கவனிக்கவில்லை. அவர் மனசெல்லாம் ஷெட்டில் இருந்தது.

வீட்டு முற்றத்தில் ஜீப் நின்றதும், ஆக்சிலோடு குதித்து நேராக ஷெட்டுக்குப் போனார். தகரக் கதவு. நிலைக்கு மேலே பளபளவென்று பித்தளை யானைத் தலை.

"பார்த்தீங்களா சார், யானை. இதுதான் அந்த வண்டி" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு செவலைப் பசு புல் மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கன்றுக்குட்டி. ஜாக்கி இருந்தது, அதன்மேல் தண்ணீர்த்தொட்டி இருந்தது.

ஸ்ரீகண்டனின் மனைவி சுசீலாபாய் சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "மாடு வாங்க வந்தவங்களா? கன்னுக்குட்டிய இப்போ கொடுக்கறதில்ல" என்றாள்.

பசு ஒரு தடவை தலையை ஆட்டியது.

"வண்டி எங்கவே?" என்றார் வன்னியபெருமாள்.

"வித்துப்போச்சு அண்ணாச்சி" என்றார் ஸ்ரீகண்டன். "கழிஞ்ச வருஷம் மிளகுக்கொடியெல்லாம் வாடிப்போச்சு. வேற வழியில்லா."

"அப்ப எதுக்குய்யா வாரவாரம் வந்து என் ஆக்சில மோந்து பாத்தீரு?"

ஸ்ரீகண்டன் குடையின் காம்பைத் திருகினார். "ஜீப்பு இருக்கற ஆளுக்கல்லே ஃபேனுக்குக் கீழ கசேர. பஸ்ஸுல வர்ற ஸ்ரீகண்டனுக்கு ஆரு வடை தரும்? ஜீப்பு போச்சு, கசேரயாவது போவண்டாம்னு நினைச்சேன். நாட்டுச் சரக்கு மதின்னு சொன்னா நீங்க அன்னைக்கே பொதிஞ்சு கையில தந்துடும். பின்னே வர வேலையில்ல. இம்போர்ட்டட் வேணும்னு சொன்னா ஆயுசு முழுக்க வரலாம். அது கிட்டாதல்லே."

வன்னியபெருமாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது வேறு. ஃபேன், வடை, முதலாளி என்று தானே கூப்பிட்ட கூப்பாடு, எல்லாம் வரிசையாக வந்தன. ஆக்சிலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

நாகேஸ்வரன் தோல்பையை மூடினார். "நல்ல மனுஷங்க நீங்க அண்ணாச்சி. ஆனா நான் கம்பெனிக்கு மாட்டைக் காட்ட முடியாதுங்களே. போறப்ப அந்தப் பிச்சைக்கனி கடையில ஒரு எட்டு இறங்கிட்டுப் போயிடறேன்."

திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தவர் பானெட் அருகே நின்றார். செம்பருத்திப் பூ ஒன்றை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு ஷெட்டு நிலைமேல் இருந்த யானையைப் பார்த்தார்.

"ஏனுங்க தாணு, இந்த வண்டி நீங்க எப்ப வாங்குனது?"

தாணு ஸ்ரீகண்டன் முகத்தைப் பார்த்தார். ஸ்ரீகண்டன் பெருமூச்சு விட்டார். "சொல்லு தாணு. இனி மறைச்சு எந்தா காரியம்."

"இது முதலாளிக்க வண்டிதான் சார்" என்றார் தாணு. "வித்தது வெளியே தெரியப்படாதுன்னு பகவதி கோயில் முன்ன சத்தியம் வாங்கிட்டாரு. அதாக்கும் பச்சை அடிச்சது. யானைய மட்டும் கழத்தி வெச்சுக்கிட்டாரு."

வன்னியபெருமாள் குந்திய இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கினார். மாட்டுவண்டிக்கு இஞ்சின் வைத்தது என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது.

"பழைய வண்டின்னா, ஆக்சில் அந்த அமெரிக்கா ஆக்சிலேதானுங்களா?" என்று கேட்டார் நாகேஸ்வரன்.

"அது போன வருச மழைக்கே அந்த ஓடையில முறிஞ்சு போச்சு சார். இப்ப கிடக்கது நாட்டுச் சரக்கு, ஒரு வருசமா ஓடுது. ஆரியசாலையில அண்ணாச்சிக்க கடையில வாங்கினதுதான். நான் வண்டிய விட்டுட்டு இறங்க முடியாம, எனக்க பெண்டாட்டி உலகம்மாளை அனுப்பினேன். தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்தா." நாகேஸ்வரன் மூடிய தோல்பையை மறுபடி திறந்து ஏஜென்சிக் காகிதத்தை எடுத்தார். தாணு வன்னியபெருமாளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "கடைக்காரரு ஆருக்கோ வடை எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தாராம். இவளை உக்காருன்னுகூடச் சொல்லலியாம்."