குமுளி மலைக்கு ஒரு கால்சட்டை

குமுளி மலை ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை கேட்டிருந்தார் ராக்கையா. மலையேறும்போது வேட்டி முள்ளில் மாட்டுகிறது, மேஸ்திரி கால்சட்டையில்தான் வரவேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். ஆகவே கம்பத்தில் சேக் பரீத் ராவுத்தர் துணிக்கடைக்கு வந்து நின்றார்.

முதல் கால்சட்டை தொடையைக் கவ்வியது.

"குத்தவச்சுப் பாரு மாப்ளே" என்றார் ராவுத்தர்.

குத்தவைத்ததும் பின்தையல் முனகியது. ராவுத்தர் பதறிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு பெரியதொன்றைக் கொடுத்தார். அதற்குள் இன்னொரு ராக்கையா வாடகைக்கு இருக்கலாம். ராக்கையா அதை மாட்டிக்கொண்டு துணிமூட்டைமேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். உள்ளே காற்று தாராளமாக வந்துபோனது.

"இதுதான் மாமா சுகம்."

"இடுப்பு தொளதொளங்குதே?"

"துணி ரெண்டு மடங்கு, விலை ஒண்ணுதான? வாய மூடும்."

அந்நேரம் தோட்டத்துப் பெரிய கணக்கர் கடைக்குள் நுழைந்தார். ஆள் எடுப்பவர் அவர்தான். பெரிய மனிதரைக் கண்டால் மடித்துக்கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிடுவது ராக்கையாவின் பிறவிப் பழக்கம். மூளை யோசிக்குமுன் கைகள் இடுப்புக்குப் போய் அவிழ்த்துவிட்டன. கால்சட்டை கணுக்காலில் கிடக்க, கோவணத்தோடு கும்பிட்டு நின்றார்.

கணக்கர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"இம்புட்டு மரியாதைய நான் பாத்ததில்லய்யா. வேலை உமக்குத்தான். ஆனா வேட்டியிலயே வாரும், துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். அங்கன துரைசானியும் இருக்காக!"