நிருபருக்குக் காவல்

காலாவதியான மருந்துப் புட்டிகளில் புதுத் தேதி ஒட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று நிருபர் எழுதியதற்கு, முதலில் அவள் வீட்டு ஜன்னலில் கல் வந்து விழுந்தது. பிறகு பத்திரிகையாளர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு போலீஸ்காரர் வந்தார். கல்லாவது ஒரு தடவைதான் வந்தது.

போலீஸ்காரருடைய தொப்பை சந்தில் திரும்பி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் சைக்கிள்கள் வரிசைகட்டி நிற்கும். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் பெயரையும் வந்த காரியத்தையும் விசாரித்து, சுடச்சுட சுகாதார அதிகாரிக்குப் போனில் சொல்வார். புட்டிகளில் புதுத் தேதி ஒட்டச் சொன்னதே அந்த அதிகாரிதான். பாதுகாப்புக் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டிருந்தார்கள்.

"கல்லால ஒரு கண்ணாடிதான் போச்சு. இவரால அரிசி மூட்டையே போகுது," என்றாள் மாமியார், அவர் காதில் விழும்படியே.

நிருபருக்கு வயிறு எரிந்தது. அரிசிக்காக அல்ல. புதுத் தேதிக்கு அடியில் பழைய தேதி தெரிகிற புட்டி ஒன்றைத் தருவதாக ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். அது கைக்கு வராவிட்டால் எழுதியதெல்லாம் பொய் என்றாகிவிடும். நர்ஸின் பெயர் வெளியே போனாலோ, அவள் வேலை போவதோடு முடியாது. சந்து முனைவரை வந்தவள் தொப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த நிருபர் திரும்பினாள்.

"என்னைக் காப்பாத்த வந்தீங்களா, என்கிட்ட பேசறவங்களைப் பிடிக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒரே டூட்டிதாம்மா," என்றார் அவர், மோர் டம்ளரைக் கீழே வைக்காமல்.

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவள் தையல்காரர், பால்காரர், முடிவெட்டுகிறவர் என்று ஒருத்தர் விடாமல் நிறுத்தி, வீட்டில் கிடக்கும் மருந்துப் புட்டிகளை எல்லாம் தன்னிடம் கொண்டுவந்து தரச் சொன்னாள். போலீஸ்காரர் இரைக்க இரைக்கப் பின்னால் ஓடினார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து கூடத்தில் புட்டிமேல் புட்டி. இருமல் மருந்து, மாட்டு மருந்து, போன தலைமுறையின் தலைவலித் தைலம். மாமியார் சமையலறைக்கே புட்டிகளைத் தாண்டித் தாண்டித்தான் போனாள். போலீஸ்காரர் ஒவ்வொரு பெயராகப் போனில் சொல்லச் சொல்ல அதிகாரியின் காது வெந்து, களிம்பு பூசிக்கொண்டாராம். அந்தக் களிம்பும் காலாவதியானதுதான். அந்தக் கும்பலுக்கு நடுவில் நர்ஸும் வந்தாள், வைத்தாள், போனாள்.

புட்டியின் படம் முதல் பக்கத்தில் வந்த அன்று அதிகாரி காரில் வந்து இறங்கினார். யார் கொடுத்தது என்று போலீஸ்காரரைப் பிடித்து உலுக்கினார்.

"ஊரே குடுத்துச்சுங்கய்யா. உங்க மாமியார்கூட ரெண்டு புட்டி குடுத்துட்டுப் போனாங்க."

நர்ஸ் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அதிகாரியும்தான் போனார், விசாரணைக் குழுவுக்கும் அவரே தலைவர். முதல் வேலையாக, நிருபரின் உயிருக்கு ஆபத்து கூடிவிட்டது என்று காவலை இரட்டிப்பாக்கினார்.

வாசலில் நின்ற இரண்டு தொப்பைகளையும் நிருபர் ஏற இறங்கப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ரெண்டு பேரா? அப்போ இன்னைக்கு ரெண்டு தெரு. நடங்க."